புது வீடு, தவழும் குழந்தை, கம்ப்யூட்டர்

வீடு மாற்றுவது ஒரு பெரிய வேலை. கைக்குழந்தையுடன் மாற்றுவது இரண்டு வேலை. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரும் உடன் வந்தால் மூன்றாவது வேலையும் சேர்ந்துகொள்கிறது. பால் காய்ச்சி, அடுப்பைப் பொருத்தி, தூளி கட்டி முடித்த பிறகு கடைசியாகத்தான் பெரும்பாலான வீடுகளில் கம்ப்யூட்டரின் முறை வருகிறது. பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே டேபிளைப் போட்டு, ஒயர்களைச் செருகி, ஆன் ஆனதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம்.

பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் இது போதும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் போதாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். ஒரு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். வழக்கமான கம்ப்யூட்டர் டேபிளின் உயரமும் ஏறத்தாழ அதே 75 சென்டிமீட்டர்தான். அதாவது குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கும் நாளில் டேபிளின் விளிம்பு அதன் தலை மட்டத்தில் இருக்கும். கையைத் தூக்கினால் மேலே உள்ள பொருள் கைக்கு வந்துவிடும். தவழும் மாதங்களிலோ அதன் கண்ணுக்கு நேராக இருப்பவை கேபினெட், யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தொங்கும் ஒயர்கள்.

எனவே புது வீட்டில் கம்ப்யூட்டரை எங்கே, எப்படி அமைப்பது என்பதை நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கான வழிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

லாரியில் ஏற்றும் முன்

கம்ப்யூட்டர் உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். குழந்தை முதன்முதலில் குப்புற விழுந்த நாளின் போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே, சாமான்களைக் கட்டத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை போட்டோக்களைக் காப்பி எடுப்பது.

நாளொன்றுக்கு 10 போட்டோ, ஒவ்வொன்றும் 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு 3,650 போட்டோக்கள், ஏறத்தாழ 14 ஜிபி. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது மொத்தம் 15 ஜிபி. அதில் ஜிமெயில், டிரைவ் எல்லாம் அடக்கம். கூகுள் போட்டோஸ் தளத்தில் அளவில்லாமல் இலவசமாகப் போட்டு வைக்கும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே வீடியோவைச் சேர்க்காமலேயே குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் இடம் நிரம்பிவிடலாம். நிரம்பிய பின் புதிய போட்டோக்கள் மேலே ஏறாமல் போனிலேயே நின்றுவிடும்.

"வாட்ஸ்அப்பில்தான் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறோமே" என்று சிலர் நினைப்பார்கள். வாட்ஸ்அப் சாதாரணமாகப் போட்டோவைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. போனில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. பெரிதாகப் பிரிண்ட் போடும்போது தெரியும். அசல் தரத்தில் அனுப்ப வேண்டுமானால் அதனை டாக்குமெண்ட் ஆக அனுப்ப வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுக்கும் வழி:

1. போனை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணையுங்கள். போனின் மேல்பகுதியை இழுத்தால் யுஎஸ்பி பற்றிய அறிவிப்பு தெரியும். அதில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. கம்ப்யூட்டரில் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து போனின் பெயரில் கிளிக் செய்யுங்கள். உள்ளே டிசிஐஎம் என்ற போல்டர் இருக்கும். கேமராவில் எடுத்தவை அதில்தான் உள்ளன.

3. அந்தப் போல்டரைக் காப்பி செய்து கம்ப்யூட்டரில் பேஸ்ட் செய்யுங்கள். கட் செய்ய வேண்டாம். பாதியில் கேபிள் கழன்றாலும் அசல் போனிலேயே இருக்க வேண்டும்.

4. முடிந்ததும் இரண்டு பக்கமும் போல்டரில் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பாருங்கள். பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா எனச் சரிபாருங்கள்.

அம்மா, அப்பா இருவரின் போனிலும் இதனைச் செய்ய வேண்டும். குழந்தையின் பாதிப் படங்கள் ஒருவர் போனிலும் மீதி மற்றவர் போனிலும்தான் இருக்கும்.

போல்டர்களுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2025-06-14 பெயர் சூட்டல், 2025-09-02 முதல் பல் என்பது போல. அப்போதுதான் கம்ப்யூட்டர் அவற்றைத் தானாகவே கால வரிசையில் அடுக்கிக் காட்டும். நாளை முதலில் போட்டால் எல்லா மாதங்களின் 2-ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும்.

அடுத்து, மூன்று பிரதிகள் என்ற விதி. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. இந்த மூன்றாவது பிரதிக்கு ஏற்ற இடம் ஊரில் உள்ள தாத்தா பாட்டி வீடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிய படங்களைச் சேர்த்துவிட்டு வரலாம். பென் டிரைவை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டாம். போன் படங்கள் கூகுள் போட்டோசில் தானாக ஏறுவதையும் தனிப் பிரதியாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே போனும் இணையக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். போனில் ஒரு படத்தை அந்த ஆப் மூலம் அழித்தால் அங்கும் அழிந்துவிடும்.

வீடு மாறும் நாளில் ஹார்ட் டிஸ்க் லாரியில் போகக் கூடாது. குழந்தையின் துணிப் பையில், உங்கள் கையோடு வர வேண்டும். கேபினெட்டில் ஒயர்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் எந்த ஒயர் எங்கே என்ற குழப்பம் வராது.

பிளக்கைச் செருகும் முன்

புது வீட்டில் கம்ப்யூட்டரை ஆன் செய்து கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஓர் உணர்வு ஏற்படுகிறதா? கம்ப்யூட்டரில் கோளாறு என்று பலர் சர்வீஸ் ஆளை அழைப்பார்கள். பெரும்பாலும் கோளாறு வீட்டு ஒயரிங்கில் இருக்கும்.

இதன் காரணம் எளிது. கேபினெட்டுக்குள் மின்சாரத்தைப் பெற்றுத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறிய கெபாசிட்டர்கள் உள்ளன. இவை பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயர்களிலிருந்தும் கேபினெட்டின் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். வடியும் சிறிதளவு மின்சாரம் எர்த் வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் போக வழியின்றி, 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி கேபினெட்டிலேயே நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் நமக்குச் சுருக்கென்பதோடு முடிகிறது. ஆனால் இந்த வீட்டில் எர்த் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும் செய்தி அது. நாளை உள்ளே பேஸ் ஒயர் கழன்று உடலில் பட்டால் 230 வோல்ட்டும் அப்படியே கேபினெட்டில் நிற்கும். அதனை ஈரக் கையோடு, தரையில் வெறுங்காலோடு முதலில் பிடிக்கப் போவது தவழும் குழந்தையாக இருக்கலாம்.

ஆகவே எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரால் சோதிக்கச் சொல்லுங்கள். பேஸ்-நியூட்ரல் இடையே சுமார் 230 வோல்ட் இருக்க வேண்டும். பேஸ்-எர்த் இடையேயும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரல்-எர்த் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. சில வீடுகளில் எர்த் இல்லாததை மறைக்க, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருப்பார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுவதும் மின்சாரம் பாயும். எனவே ஒரு சாக்கெட்டையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து மெயின் போர்டு. அதில் எம்சிபி இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எம்சிபி ஒயர் சூடாகாமல் காப்பதற்கானது. மனித உடல் வழியாகப் பாயும் சிறிய மின்சாரத்தை அது கண்டுகொள்ளாது. அதற்கு ஆர்சிசிபி வேண்டும். பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லை என்றால் எங்கோ கசிகிறது என்று அறிந்து உடனே அணைத்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்துவார்கள். அதில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, ட்ரிப் ஆகிறதா எனச் சோதியுங்கள். வாடகை வீடு என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வீட்டு உரிமையாளரிடம் இதனைப் பேசிவிடுவது நல்லது.

எந்த மூலையில் வைப்பது?

ஹாலின் நடுச் சுவரை விட, அறையின் ஒரு மூலை ஏற்றது. இரண்டு பக்கம் சுவர் இருப்பதால் ஒயர்கள் உள்ள பின்பக்கத்துக்குக் குழந்தை போக முடியாது.

• எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் விடாதீர்கள். டேபிள் பலகையின் அடிப்பக்கத்தில், பின்புறமாக ஸ்குரூ போட்டு மாட்டுங்கள். காலியான துளைகளுக்கு மூடி போடுங்கள். ஷட்டர் உள்ள சாக்கெட் இன்னும் நல்லது.

• கேபினெட்டைத் தரையில் வைத்தால் அதன் பவர் பட்டன் குழந்தைக்கென்றே வைத்தது போல இருக்கும். விளக்கு எரியும் பட்டனை எந்தக் குழந்தையும் விடாது. டேபிளின் மேலே, சுவரோரமாக வையுங்கள். காற்றுப் போக பின்பக்கம் நான்கு விரற்கடை இடம் விடுங்கள்.

• மானிட்டரை விளிம்பிலிருந்து குறைந்தது ஓர் அடி உள்ளே தள்ளி வையுங்கள். இன்றைய மானிட்டர்கள் எடை குறைந்தவை. ஒயரைப் பிடித்து இழுத்தால் சாய்ந்துவிடும். சுவரில் மாட்ட முடிந்தால் கவலையே இல்லை.

• டேபிளின் மீது விரிப்பு வேண்டாம். குழந்தை விரிப்பின் நுனியை இழுத்தால் மேலே உள்ளது எல்லாம் அதன் தலையில் வரும்.

• கீபோர்டு வைக்கும் இழுப்புப் பலகையை வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடுங்கள். விரல் நசுங்கும் இடம் அதுதான்.

• ஒயர்களைச் சேர்த்துக் கட்டி டேபிள் காலோடு இணைத்துவிடுங்கள். தூளியின் அருகில் எந்த ஒயரும் இருக்கக் கூடாது. குழந்தையைப் பார்க்கக் கேமரா வைத்தாலும் அதன் ஒயர் தூளியிலிருந்தோ தொட்டிலிலிருந்தோ குறைந்தது 3 அடி தள்ளி இருக்க வேண்டும். ஒயர் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தூளி ஆடும்போது எவ்வளவு தூரம் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வைஃபை கேமரா என்றால் அதனுடன் வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

யுபிஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டால் மின்சாரம் இல்லை என்று நினைக்கிறோம். யுபிஎஸ் ஆனில் இருந்தால், அதன் பின்பக்க சாக்கெட்டுகளில் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபியால் அதனைக் கவனிக்கவும் முடியாது. எனவே யுபிஎஸ்ஸின் பின்பக்கம் சுவரைப் பார்த்து, குழந்தையின் விரல் போகாதபடி இருக்க வேண்டும். சுவரை ஒட்டி அடைத்துவிடவும் கூடாது. சூடு வெளியேறக் கொஞ்சம் இடைவெளி தேவை. இரவில் கரண்ட் போனதும் அது பீப் பீப் என்று கத்தி, அரும்பாடுபட்டுத் தூங்க வைத்த குழந்தையை எழுப்பிவிடும். சில மாடல்களில் முன்பக்கப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒலி நிற்கும். மேனுவலைப் பாருங்கள். இல்லாவிட்டால் இரவில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து யுபிஎஸ்ஸையும் அணைத்துவிடுவதே வழி.

காசு அளவு பேட்டரி, மலையளவு ஆபத்து

கம்ப்யூட்டரின் மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்பது அதன் எண். 20 மில்லிமீட்டர் விட்டம், 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் தேதியும் நேரமும் மாறாமல் இருக்க இது உதவுகிறது. இதே போன்ற பேட்டரிகள் சில ரிமோட்டுகள், கார் சாவி, சமையலறைத் தராசு ஆகியவற்றிலும் உள்ளன. வீடு மாற்றும்போது இந்தச் சிறு பொருள்கள் தரையில் சிதறுவது சகஜம்.

இதனைக் குழந்தை விழுங்கினால் காசை விழுங்கியது போல நினைத்துக் காத்திருக்கக் கூடாது. உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உருவாகும். அது இரண்டு மணி நேரத்திலேயே தசையைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், 108 ஆம்புலன்ஸிலோ கிடைத்த வண்டியிலோ எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். அழுகிறதே என்று எதையும் ஊட்ட வேண்டாம். குறிப்பாக ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்த நிலையிலும் தேன் கொடுக்கக் கூடாது.

பழைய பேட்டரியை இருபுறமும் செல்லோ டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள். ரிமோட்டின் பேட்டரி மூடி தளர்ந்திருந்தால் அதற்கும் டேப் ஒட்டுங்கள்.

கீபோர்டைக் குழந்தை தட்டிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ஒருநாள் கீபோர்டில் தாளம் போடும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வைரஸ் வந்துவிட்டது என்று பதறும் நேரம் இது. பெரும்பாலும் ஒரு கீ அழுத்தினால் சரியாகிவிடும்.

• திரை தலைகீழாகிவிட்டது: சில கம்ப்யூட்டர்களில் கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி கீகளைச் சேர்த்து அழுத்தினால் இப்படி ஆகும். கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்புக்குறி அழுத்திப் பாருங்கள். அல்லது டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்பிளே செட்டிங்ஸ் சென்று, டிஸ்பிளே ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் என மாற்றுங்கள்.

• ஸ்டிக்கி கீஸ் என்று கேட்கிறது: ஷிப்ட் கீயை ஐந்து முறை அழுத்தியதால் வந்தது. நோ கொடுங்கள்.

• டைப் செய்தால் எழுத்து வர மறுக்கிறது: வலது ஷிப்ட் கீயை 8 விநாடி அழுத்திப் பிடித்ததால் ஃபில்டர் கீஸ் ஆன் ஆகியிருக்கலாம். மீண்டும் 8 விநாடி அழுத்தினால் நிற்கும்.

• கம்ப்யூட்டர் தானாக ஆங்கிலத்தில் பேசுகிறது: அது நேரேட்டர். விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் கீகளைச் சேர்த்து அழுத்தினால் வாயை மூடிக்கொள்ளும்.

• திரை பூதாகரமாகிவிட்டது: மேக்னிஃபையர் ஆன் ஆகியுள்ளது. விண்டோஸ் கீயுடன் எஸ்கேப் அழுத்துங்கள். இன்டர்நெட் பக்கம் மட்டும் பெரிதாகியிருந்தால் கன்ட்ரோலுடன் பூஜ்யம்.

• மேலே உள்ள பட்டைகள் காணவில்லை: எஃப் 11 கீயை அழுத்துங்கள்.

இவை எல்லாவற்றையும் தடுக்க ஒரே வழி உண்டு. குழந்தை அழுது எழுந்து ஓடும்போது விண்டோஸ் கீயையும் எல் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும். நீங்கள் செய்த வேலை அப்படியே இருக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால்தான் மீண்டும் திறக்கும்.

பவர் பட்டனையும் செயலிழக்கச் செய்யலாம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் செல்லுங்கள். இடதுபக்கம் சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ என்று இருக்கும். அதில் கிளிக் செய்து, பவர் பட்டனுக்கு எதிரே டூ நத்திங் தேர்ந்தெடுத்து சேவ் சேஞ்சஸ் கொடுங்கள். இனி ஒருமுறை அழுத்தினால் எதுவும் ஆகாது. ஆனால் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால் அப்போதும் அணைந்துவிடும். கேபினெட்டை மேலே வைக்கச் சொன்னது அதனால்தான்.

தடுப்பூசி நாளை எக்செல் சொல்லட்டும்

இதுவரை கம்ப்யூட்டரிடமிருந்து குழந்தையையும் குழந்தையிடமிருந்து கம்ப்யூட்டரையும் காக்கும் வழிகளைப் பார்த்தோம். அந்தக் கம்ப்யூட்டரைக் குழந்தைக்கு உதவ வைக்க முடியாதா? முடியும். வீடு மாறும்போது மருத்துவமனையும் மாறுகிறது. தடுப்பூசி அட்டை எந்த அட்டைப் பெட்டியில் போனது என்று தெரியாமல், 9-ஆம் மாத ஊசியின் நாள் தாண்டிப்போவது இப்படித்தான். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான முதல் ஊசி அந்த மாதத்தில்தான் வருகிறது.

முதலில் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் வையுங்கள். பிறகு எக்செல் திறந்து பின்வருமாறு செய்யுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவசத் தொகுப்பிலும் இவை வேலை செய்யும்.

1. பி1 செல்லில் பிறந்த தேதியை டைப் செய்யுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. 05-03-2025 என்று எண்ணில் போட்டால், கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் அதனை மே 3 என்று எடுத்துக்கொள்ளும். எல்லா ஊசிகளும் இரண்டு மாதம் தள்ளிப்போய்விடும். எனவே மாதத்தை எண்ணில் போடாமல், மார்ச் என்பதன் ஆங்கில எழுத்துகளிலேயே டைப் செய்யுங்கள்.

2. 6 வாரம் என்பது 42 நாள். பி3 செல்லில் சமக்குறி போட்டு, பி1 கூட்டல் 42 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். தேதிக்குப் பதில் 45 ஆயிரத்துச் சொச்சம் என்று எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1 முதல் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. ஃபார்மட் செல்ஸ் சென்று டேட் தேர்ந்தெடுத்தால் தேதியாக மாறும். 2025 மார்ச் 5-இல் பிறந்த குழந்தைக்கு ஏப்ரல் 16 என்று வரும்.

3. பி4 செல்லில் 10 வாரத்துக்கு 70, பி5 செல்லில் 14 வாரத்துக்கு 98 கூட்டுங்கள். அதே குழந்தைக்கு மே 14, ஜூன் 11 என்று கிடைக்கும். பென்டாவேலன்ட், போலியோ சொட்டு மருந்து, ரோட்டா ஆகியவை இந்த மூன்று நாள்களிலும் வரும்.

4. மாதக் கணக்குக்கு நாள்களைக் கூட்டினால் சரியாக வராது. மாதங்களுக்கு 28 முதல் 31 நாள் வரை உள்ளனவே. இதற்கு ஈடேட் என்ற பங்ஷன் உள்ளது. ஆங்கிலத்தில் இ, டி, ஏ, டி, இ என்ற ஐந்து எழுத்துகள். பி6 செல்லில் சமக்குறி, ஈடேட், அடைப்புக்குறிக்குள் பி1, கமா, 9 என்று டைப் செய்தால் 9 மாதம் நிறையும் நாள் டிசம்பர் 5 என்று வரும். 9-க்குப் பதில் 16 போட்டால் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய பூஸ்டர் ஊசிகள் தொடங்கும் நாள் கிடைக்கும்.

5. அடுத்த பத்தியில், சி3 செல்லில் பி3-இலிருந்து இன்றைய தேதியைக் கழியுங்கள். இன்றைய தேதிக்கு டுடே என்ற பங்ஷன். அதன் பின்னால் அடைப்புக்குறிகளைத் திறந்து மூடிவிட வேண்டும். இதனைக் கீழே உள்ள செல்களுக்கும் காப்பி செய்தால், ஒவ்வொரு ஊசிக்கும் இன்னும் எத்தனை நாள் என்பது பைலைத் திறக்கும்போதெல்லாம் தானாகத் தெரியும். கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் 15-க்குக் குறைந்தால் சிவப்பு என்று அமைத்துவிட்டால் கண்ணில் படாமல் போகாது.

இதே பைலில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். 12 போட்டு அந்த நாளையும் குறித்துவிடுங்கள். எக்செல் தருவது நினைவூட்டல் மட்டுமே. எந்த ஊசி, எப்போது, காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடலாமா என்பதையெல்லாம் மருத்துவரே முடிவு செய்வார்.

தாத்தா பாட்டிக்கு மட்டும் திரை

வீடு மாறி வெளியூர் வந்த பின் தாத்தா பாட்டிக்குக் குழந்தையைக் காட்ட வீடியோ கால் பெரிய வரம். மற்றபடி, சாப்பாடு ஊட்டும்போது பாட்டு வீடியோ போட்டுப் பழக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. இரண்டு வயது வரை திரை வேண்டாம், எப்போதாவது உறவினருடன் பேசும் வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு என்பதே இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை.

இவ்வளவும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று மலைக்க வேண்டாம். லாரி வரும் முன் போட்டோக்கள், பிளக்கைச் செருகும் முன் எர்த், குழந்தையை ஹாலில் இறக்கிவிடும் முன் ஒயர்களும் பேட்டரிகளும் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். எக்செல் பைலையும் பவர் பட்டனையும் முதல் ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கும் நேரத்தில் முடித்துவிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். குழந்தை மாதம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்கிறது. இன்று எட்டாதது அடுத்த மாதம் எட்டும். எனவே ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்தும் நாளிலேயே மாதம் ஒருமுறை தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி, சுற்றிலும் ஒரு பார்வை பாருங்கள்.